குருவிக்குப் பயம் காட்டிய வேலை

போன மாதம் நிரோஷினி என்னைப் பழைய வேலைத்தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே எல்லாவற்றையும் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். பறவைக் கூடங்களுக்குள் இப்போது ஆட்கள் போவதில்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு சின்னத் தட்டு நீண்டு தீனை வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. தண்ணீர் தானாக மாறுகிறது. முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சு விமானம் ஏறும் நாள்வரை ஒரு மனித முகத்தையும் காணாது. நிரோஷினி கமெராத் திரைக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் கவனிக்கிறாள். மொன்றியலில் பிறந்து உயிரியல் படித்தவள். மற்றவர்களோடு பிரெஞ்சு, என்னோடு மட்டும் விடாப்பிடியாகத் தமிழ்.

“அன்ரி, இப்ப இதுகளுக்கு ஆக்களைக் கண்டாலே பயம். பழக்கவே தேவையில்லை. நீங்கள் முந்திக் கையால தீத்தி வளத்துப்போட்டு, பேந்து எப்பிடிப் பயப்பிடப் பண்ணினீங்கள்?”

“கஷ்டப்பட்டுத்தான்,” என்றேன்.

“அதை எழுதித் தாங்கோ. புதுசா வாற ஆக்களுக்கு நான் பிரெஞ்சில மாத்திக் குடுக்கிறன்.”

எங்கள் சனத்துக்கு நான் ‘குருவிக்குத் தீன் போடுறவ’. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது, “உங்களுக்கென்ன ஜெசிந்தா அக்கா, சுகமான வேலை” என்று சொல்லாதவர்கள் குறைவு. நானும் சிரித்துக்கொண்டு நின்றுவிடுவேன். உண்மையில் தீன் போடுவது எங்கள் வேலையில் பாதிதான். மற்றப் பாதி, நாங்களே தீத்தி வளர்த்த குருவி எங்களைக் கண்டால் உயிர் தப்பி ஓடும்படி பழக்குவது. அது பழகாவிட்டால் அதைத் தீவுக்கு அனுப்ப முடியாது, கூண்டுதான் கதி. நான் வளர்த்தவற்றில் ஒன்று பயப்படவே மாட்டேன் என்று நின்றது. நிரோஷினி கேட்டதற்குப் பதில் அந்த ஒன்றின் கதைதான்.

என் பெயர் மன்னாரில் வைத்தது. ஆனால் கெபெக்காரருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. ‘ஜசான்த்’ என்று தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்து நேர்முகத்துக்கு அழைத்தவர்கள், வாசலில் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் வேறொரு ஜசான்தைத் தேடினார்கள். அப்போது நாங்கள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். முதலில் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். பிறகு பறவை இல்லத்தில் கூடு கழுவினேன். குஞ்சு வளர்க்கும் அறையில் ஒருத்தி பிள்ளைப்பேற்று விடுமுறையில் போக, அவள் வரும்வரை என்று என்னை அங்கே விட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே இருந்தேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் ஜினெத். மெலிந்த, உயரமான மனுசி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார், கையில் சாண்ட்விச், கண் குஞ்சுப் பெட்டியில். எந்தக் கூடத்துக்குள் போவதற்கு முன்பும் விரல் முட்டியால் கதவில் இரண்டு தரம் தட்டிப்போட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் திறப்பார். குருவிகள் திடுக்கிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். பிறகு அது கையோடு ஒட்டிவிட்டது, குருவி இல்லாத வெறும் கூடத்துக்கும் தட்டுவார். அவர் கதைத்ததெல்லாம் கெபெக் பிரெஞ்சு. எனக்கு அதைத் தமிழில் எழுதத் தெரிந்த விதம் ஒன்றுதான். ஆகையால் இங்கே அவர் மன்னார்க்காரி மாதிரிக் கதைத்தால் குற்றம் என்னுடையது.

“பேர் வையாதை, ஜசான்த். பேர் வைச்சால் பேந்து அனுப்ப மனம் வராது,” என்று முதல் நாளே சொன்னார். அதனால் எல்லாக் குருவிக்கும் காலில் மாட்டிய வளையங்களின் நிறம்தான் அடையாளம். இடது கால், வலது கால்: சிவப்பு-வெள்ளை, பச்சை-வெள்ளை, மஞ்சள்-நீலம்.

குருவியின் பெயரையும் அது இருந்த தீவின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. குருவியைப் பிடித்து விற்கும் பிடிகாரர் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ஏன் வழி காட்டுவான். வெப்பமான சமுத்திரத்தில், பிரெஞ்சு கதைக்கும் சனம் வாழும் சின்னத் தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவி எங்கள் ஊர் வெள்ளைக்கண்ணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும். எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காயளவு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். உடம்புக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. விடியற்காலையில் ஆண் பாடத் தொடங்கினால் கழுவிக்கொண்டிருக்கும் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவேன்.

அந்தக் குரல்தான் அதற்குச் சனியன். அதைக் கூண்டில் வைத்துக் கேட்க ஆசைப்பட்டவர்கள் கடல் கடந்தும் இருந்தார்கள். பிடிப்பதும் சுலபம். பாம்போ பூனையோ இல்லாத தீவில் பிறந்த இனம், பயப்பட ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. கையை நீட்டினால் கையில் வந்து இருக்கும். கப்பலில் வந்த எலி முட்டையைத் தின்றது, மனிசன் தாயைப் பிடித்தான். கடைசியில் மலையுச்சியில் ஒரு துண்டுக் காட்டில் மட்டும் கொஞ்சம் மிஞ்சின. அந்தக் காட்டு மரம் ஒன்றின் பூ, இந்தக் குருவி வந்து தேன் குடித்தால்தான் காய்க்கும். குருவி குறைய மரக்கன்றும் முளைக்கவில்லை. எலியைப் பிடிக்கவும் கன்று தின்னும் ஆட்டை மறிக்கவும் மலைக்கு வேலி போடவும் சனம் சம்மதித்தது இந்தக் குருவிக்காகத்தான். காட்டைக் காப்பாற்ற வாருங்கள் என்றால் வராதவர்கள், பாட்டுக்காரக் குருவிக்காக வந்தார்கள். தேசிக்காயளவு உடம்பின் தலையில் ஒரு மலையையே ஏற்றி வைத்திருந்தோம்.

எங்கள் வேலை அங்கிருந்து வந்த சோடிகளின் முட்டையை எடுத்து, குஞ்சாக்கி, வளர்த்துத் திருப்பி அனுப்புவது. முட்டை பெருவிரல் நகமளவு இருக்கும். பொரித்த குஞ்சுக்கு மயிரும் இல்லை, கண்ணும் இல்லை, வாய் மட்டும்தான். சில்லூறுப் பூச்சியின் காலைக் கழற்றி, வயிற்றைப் பிதுக்கி, தண்ணீரில் தோய்த்து, இடுக்கியால் தொண்டைக்குள் வைக்க வேண்டும். நுனி நாக்கில் வைத்தால் துப்பிவிடும், ஆழமாய் வைத்தால் மூச்சுத் திணறும். தின்றதும் குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும், எச்சம் மெல்லிய வெள்ளைத் தோலில் பொதிந்து வரும். அதை அப்படியே இடுக்கியால் எடுக்க வேண்டும். தோல் உடையாமல் வந்தால் குஞ்சு சுகம். நனைந்து வந்தால் மதாம் ஜினெத்தைக் கூப்பிட வேண்டும். வீட்டில் நான் இதை விவரித்தால் என் மனுசன் மரியதாஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுவார்.

வளர்ந்ததும் பயப்படப் பழக்க வேண்டும். முதல் தொகுதிக் குருவிகளுக்கு மதாம் ஜினெத் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். தீன் கொடுப்பவர் எப்போதும் முன்கதவால் வர வேண்டும். வலையோடு துரத்திக் கலைக்கிற ஆள் பின்கதவால் வர வேண்டும். குருவிகள் எங்களையும் எதிரியையும் போட்டுக் குழப்பிப் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். கலைக்கிற வேலையை மற்றப் பகுதி ஆட்கள் முறைவைத்துச் செய்தார்கள். ஒலிபெருக்கியில் குருவியின் அபாயக் குரல் ஒன்று கேட்கும், ஆள் வலையை வீசிக்கொண்டு வருவார். கொஞ்ச நாளில் பின்கதவு அசைந்தாலே குருவிகள் உச்சிக் கொப்புக்குப் பறந்தன. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டினோம். அந்தத் தொகுதி தீவுக்குப் போனது.

தீவில் அவற்றைப் பொறுப்பெடுத்தவர் ரேமோன், அந்த மண்ணில் பிறந்தவர், காட்டைக் காவல் காப்பவர். ஒரு காலை வீடியோவில் அழைத்தார். அவர் தோளில் எங்கள் குருவிகளில் ஒன்று இருந்தது.

“மதாம், இதுகள் பயப்பிடுதுகள் இல்லை. வெறும் சட்டை போட்ட ஆரும் போகலாம், கையில வந்து ஏறுதுகள். நேற்று ரண்டு பேர் கூண்டோட வந்து கொஞ்சத்தைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். மிச்சத்தை நான் திருப்பிப் பிடிச்சு உள்ளுக்கு விட்டிருக்கிறன்.”

“இஞ்ச பயந்ததுகளே!” என்றார் மதாம் ஜினெத்.

“என்னத்துக்குப் பயந்ததுகள்?”

மதாம் ஜினெத் எழுந்து பின்கதவுப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். பின்கதவுக்கு வெளியே சூடாக்காத நடைவழி, குளிர்காலத்தில் மூச்சு வெள்ளையாகத் தெரியும். அந்த நடைவழியால் வருகிறவர்களுக்காகச் சுவர் ஆணியில் ஒரு சிவப்புக் கோட்டுத் தொங்கியது, பனி அள்ளும்போது போடுகிற தடித்த கோட்டு. தலைமூடியும் உண்டு. வலையோடு வந்த எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை, குளிர்ந்தது, போட்டார்கள். தீன் கொண்டு போன நாங்களோ பருத்திச் சட்டையோடு திரிந்தோம். பனி கொட்டுகிற ஊரில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி ஒரு பிழை வரும். எங்கள் குருவிகள் மனிதருக்குப் பயப்படவில்லை. சிவப்புக் கோட்டுக்குப் பயந்தன. பருத்திச் சட்டை என்றால் அவற்றுக்குச் சாப்பாடு.

வீடியோவில் ரேமோனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்க முயன்றார். “மதாம், இந்தத் தீவில கோட்டுப் போடுறது கலியாண மாப்பிளை மட்டும்தான்.”

ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. கூண்டோடு போனவை நான் இடுக்கியால் தீத்தியவை. அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் மதாம் ஜினெத் எல்லோரையும் கூப்பிட்டார். “கோட்டை ஆணியில கொழுவினது ஆரோ தெரியாது. அதைக் காணாதது நான். பிழை என்ர,” என்றார். சொல்லிவிட்டு நின்றபடியே சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தார். மேலதிகாரி ஒருவர் பிழையை இப்படி வெட்டொன்று துண்டு இரண்டாக ஒப்புக்கொண்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இரண்டாவது தொகுதிக்கு ஒழுங்கு தலைகீழானது. தீன் இனிச் சுவர்த் துவாரத்தால் மட்டும், ஆள் தெரியாமல் கொடுக்க வேண்டும். கூடத்துக்குள் ஆள் போவதென்றால் வலையோடு மட்டும் போக வேண்டும். எல்லா வகை உடுப்போடும், எல்லா வகை ஆட்களும் போக வேண்டும். முதலில் போக வேண்டியவள் நான்.

“குஞ்சை வளத்துத் தாறதும் நான், கலைக்கிறதும் நானோ?” என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில் இலக்கணம் இருக்காது.

“ஓம்,” என்றார். “நீ வளத்த குருவி உனக்கே பயந்தால்தான் மற்றவனுக்கும் பயப்பிடும். அந்நியனுக்கு மட்டும் பயந்தால் போதாது. பழகிக் கையில எடுக்கிறவன்தான் கனக்கப் பிடிக்கிறவன்.”

இன்னொன்றும் சொன்னார். கதவைத் தட்டக் கூடாது. “தட்டிப்போட்டு ஒரு பிடிகாரனும் வரமாட்டான்.” சொன்னவருக்குத்தான் அது பெரிய பாடாக இருந்தது. கதவடியில் போய் நிற்பார், கை தன்பாட்டில் எழும்பும், அந்தரத்தில் நிறுத்தி மற்றக் கையால் பிடித்து இறக்குவார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

தீவில் ஆண்கள் வீட்டில் இடுப்பில் லுங்கி, எங்கள் சாரம் மாதிரி ஒன்று கட்டுவார்கள் என்று ரேமோன் சொல்லியிருந்தார். மொன்றியலில் சாரம் கட்டிய ஆம்பிளைக்கு எங்கே போவது என்று மதாம் ஜினெத் யோசிக்க, நான் என் மனுசனைப் பிடித்துக் கொடுத்தேன். மரியதாஸ் சனிக்கிழமைகளில் மெத்ரோவில் வந்தார். கழுத்துவரை குளிருடுப்பு, பையில் மடித்த சாரம். உள்ளே வந்து மாற்றிக்கொண்டு வலையைத் தூக்கிக் கூடத்துக்குள் பாய்ந்தாரென்றால், குருவி மட்டுமல்ல, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்களும் பயந்தோம்.

“ஊரில ஒரு கோழியைக் கூடப் பிடிக்கத் தெரியாத மனுசன்,” என்றேன்.

“அப்ப எனக்குச் சம்பளம் இல்லை. இப்ப மட்டும் ஆர் தருகினம்?” என்றார் அவர். நான் அதைப் பிரெஞ்சில் சொல்ல, மதாம் ஜினெத் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றைத் தவிர மற்றக் குருவிகள் எல்லாம் பயப்படப் பழகிவிட்டன. சாரம், சட்டை, பாவாடை, தொப்பி எதைக் கண்டாலும் அபாயக் குரல் எழுப்பிக்கொண்டு உச்சிக்கு ஏறின. பழகாதது மஞ்சள்-நீலம்.

அவளுடைய தாய் விமான நிலையத்தில் ஒரு பயணப் பெட்டிக்குள்ளிருந்து அரை உயிரோடு மீட்கப்பட்டவள். எங்களிடம் வந்து ஒரு சோடி சேர்ந்து, ஒரேயொரு முட்டையிட்டு, செத்துப்போனாள். ஆணும் அதிக காலம் இருக்கவில்லை. அந்த முட்டையிலிருந்து வந்தவள் மஞ்சள்-நீலம். பொரித்தபோது அவள் இருக்கிற நிலையைப் பார்த்து மதாம் ஜினெத் கூட உதட்டைப் பிதுக்கினார். நான் விடவில்லை. தோல் உடையாத முதல் வெள்ளை எச்சத்தை இடுக்கியில் எடுத்துக்கொண்டுபோய் அவருக்குக் காட்டினேன், ஏதோ பரிசு வாங்கியவள் போல. பேர் வைக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் மீறவில்லை. அவளுக்குப் பேர் தேவையில்லாத அளவுக்கு நான் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவளைப் பயப்படுத்த நான் வலையோடு போனால், அவள் வந்து வலையின் விளிம்பில் இருப்பாள். துணிப் பைக்குள் போட்டால் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்ப்பாள். தராசில் வைத்து நிறை பார்த்து விட்டால், திரும்பி வந்து என் காதோரத்து மயிரை இழுப்பாள். ஒலிபெருக்கியில் அபாயக் குரல் போட்டால் தலையைச் சரித்துக் கேட்பாள், வானொலியில் வேற்றுப் பாஷைச் செய்தி கேட்கிறவர் மாதிரி.

“நீ நடிக்கிறாய், ஜசான்த்,” என்றார் மதாம் ஜினெத். “அவளுக்கு அது விளங்குது.”

“அப்ப நீங்கள் போங்கோ.”

போனார். மஞ்சள்-நீலம் அவர் தோளில் ஏறினாள். மரியதாஸ் போனார். அவர் பாய்ந்த பாய்ச்சலில் மற்றக் குருவிகள் கூரைக்குப் போக, இவள் அவருடைய சாரத்து முடிச்சில் வந்து இருந்தாள். அவர் அசையாமல் நின்று என்னைப் பார்த்தார்.

“இஞ்சேர் ஜெசி, இதை எனக்குக் கலைக்கத் தெரியேல்லை,” என்றார். பகிடிக்காரனின் முகத்தில் பகிடி இல்லை.

தொகுதியைத் தனிமை அறைக்கு மாற்ற வேண்டிய காலம் நெருங்கியது. அதற்குள் போனால் மருத்துவப் பரிசோதனை, பிறகு நேரே விமானம். அதற்குப் பின் எதையும் பழக்க முடியாது. மதாம் ஜினெத் என்னைக் கழுவும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

“அவளின்ர தாய்வழி ரத்தம் தீவில மிஞ்சேல்லை, அவள் கட்டாயம் போகவேணும். ஆனா இப்பிடிப் போகேலாது. குஞ்சுகள் தாயைப் பாத்துத்தான் பயப்பிடப் பழகும். இவள் பயமில்லாத குஞ்சுகளை வளப்பாள். இவளைப் பிடிக்கிறவன் குஞ்சுகளையும் பிடிப்பான். பழகாட்டி அவள் இஞ்சதான், சாகுமட்டும்.”

என் மனதில் ஒரு மூலை, ‘நிற்கட்டுமே, என்னோடு’ என்றது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய தாய் எந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் கூடம் எவ்வளவு பெரிதானாலும் பெட்டிதான்.

வழியைக் கண்டது மதாம் ஜினெத். இந்தக் குருவிகள் நித்திரைக்குப் போகும்போது கொப்பில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஒன்றின் கழுத்து மயிரை மற்றது கோதிவிடும். மஞ்சள்-நீலம் எப்போதும் ஒட்டியிருப்பது பச்சை-வெள்ளை என்ற ஆணோடு. மதாம் ஜினெத் கூடத்தின் நடுவில் ஒரு கம்பிவலைத் தட்டியை நிறுத்தினார். ஒரு பக்கம் இவள், மற்றப் பக்கம் அவன். ஒன்றை ஒன்று பார்க்கலாம், சேர முடியாது.

“இண்டைக்கு அவளைத் தொடாதை,” என்றார். “அவனைப் பிடி. உண்மையாப் பிடி.”

நான் பருத்திச் சட்டையோடு, தட்டாமல் கதவைத் திறந்து உள்ளே போனேன். மஞ்சள்-நீலம் வழக்கம்போல என் பக்கத்துக் கம்பிக்கு வந்து தொற்றிக்கொண்டு பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நேரே பச்சை-வெள்ளையிடம் போனேன். அவன் கத்திக்கொண்டு பறந்தான். மூலைக்கு மூலை துரத்தினேன், கை தளரவில்லை. வலையில் விழுந்ததும் அவனை எடுத்துத் தட்டிக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தேன். அவன் என் கைக்குள் அலறினான். ஒலிபெருக்கியில் வருகிற குரல் இல்லை அது. உயிருள்ள தொண்டையிலிருந்து, அவள் கழுத்தைக் கோதிய அலகிலிருந்து வந்தது.

மஞ்சள்-நீலம் முதலில் அசையவில்லை. உடம்பு மயிர் எல்லாம் ஒட்டி, அவள் பாதியாய்ச் சிறுத்துப்போனாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து எழுப்பாத அந்தக் குரலை எழுப்பினாள்: ‘ட்சீர்’ என்று, தகரத்தில் ஆணி இழுத்ததுபோல ஒன்று. அப்படியே கூரை மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டாள்.

தன்னைப் பிடித்தபோது அவள் பயப்படவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பிடித்தபோது பயந்தாள். இதற்கு நான் விளக்கம் எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கம் தேவையுமில்லை.

அவனை நிறை பார்த்து, சுகம் என்று கண்டு, அவளுடைய பக்கமே விட்டேன். இருவரும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து கழுவும் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். அழுகை வந்தது. வேலை சரிவந்த சந்தோசமா என்று கேட்டால், இல்லை. மதாம் ஜினெத் மேலும், பிடிகாரர் மேலும், அந்தச் சிவப்புக் கோட்டின் மேலும் கோபம். மதாம் ஜினெத் வந்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்து என் பக்கத்தில் இருந்து, சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அவர் நிற்காமல் இருந்து சாப்பிட்டதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஒரு சோதனை. வலையில்லாமல், கையில் பப்பாசிப் பழத் துண்டோடு உள்ளே போகச் சொன்னார். குஞ்சிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பப்பாசி. கதவு திறந்தது, அந்த ஆணிச் சத்தம் கேட்டது, கூடத்தில் இருந்த அத்தனை குருவியும் அவளோடு சேர்ந்து மேலே போய்விட்டன. நான் பப்பாசியோடு நடுவில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதாம் ஜினெத் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்தடுத்து வேறு ஆட்கள் போனார்கள், மரியதாஸ் சாரத்தோடு போனார், அவளிடம் பதில் ஒன்றுதான். அவள் தேறிவிட்டாள்.

பெட்டியில் அடைக்கும் நாளில் அவளைப் பிடிக்கப் பாடுபட வேண்டியிருந்தது. பிடித்ததும் என் விரலைக் கடித்தாள். தேசிக்காயளவு உடம்புக்குள் நெஞ்சு அடித்த அடி என் உள்ளங்கையில் தெரிந்தது. அந்த அடிப்பு எனக்காகத்தான் என்று நினைக்க, என்னையறியாமல் “போயிட்டு வா” என்று சொல்லிவிட்டேன். மதாம் ஜினெத் அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

“வரக்கூடாது,” என்றார்.

“தெரியும். எங்கட ஆக்கள் ஒருத்தரையும் போ எண்டு சொல்லுறேல்லை.”

அவர் பெட்டியின் மூடியைப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் விரல் முட்டியால் அதில் மெல்ல இரண்டு தரம் தட்டியதை நான் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் பல தொகுதிகள் போயின. மதாம் ஜினெத் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நாங்கள் இப்போது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகள் வீட்டில் இருக்கிறோம்.

அன்றைக்குப் புதிய கட்டடத்தைச் சுற்றிக் காட்டிய பிறகு நிரோஷினி தன் தொலைபேசியை எடுத்தாள். “அன்ரி, ரேமோன் உங்களுக்கெண்டு ஒரு வீடியோ அனுப்பினவர். மஞ்சள்-நீலமாம். வீட்டை போய்ப் பாருங்கோ,” என்று எனக்கு அனுப்பிவிட்டாள். வீடு வரும்வரை பொறுக்க முடியவில்லை, ஆனால் மரியதாஸோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பொறுத்தேன். தேத்தண்ணி ஆறப் போட்டுவிட்டு இருவரும் பார்த்தோம்.

காடு. அந்த மலை மரத்தின் பூக்கொப்பு ஒன்று. ரேமோன் நடக்கும் சருகுச் சத்தம். ‘மஞ்சள்-நீலம் இந்தக் கொப்பிலதான், குஞ்சுகளோட’ என்று அவர் பிரெஞ்சில் குசுகுசுக்கிறார். கமெரா கொப்பை எட்டுவதற்கு முன் ஒரு ‘ட்சீர்’. தகரத்தில் ஆணி. உடனே அதே சத்தம் இன்னும் இரண்டு தொண்டையில், சின்னதாய், சரியாகப் பழகாத மாதிரி. சிறகடிக்கும் ஓசை. கமெரா போய்ச் சேர்ந்தபோது கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ரேமோன் சிரிக்கிறார். அவ்வளவுதான் வீடியோ.

“எங்க குருவி? ஒண்டையும் காணேல்லையே,” என்றார் மரியதாஸ், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு.

“ஓம், காணேல்லை,” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணால் நீரும் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வெறுங்கொப்பைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. “உன்னைக் கண்டாலும் ஓடுமோ, ஜெசி?”

“என்னைக் கண்டால்தான் முதலில ஓடும்.”

“பொல்லாத மனுசி நீ,” என்று சொல்லிவிட்டு, அவரே விரலை நீட்டி வீடியோவைத் திரும்பவும் போட்டார்.